முதல் மாடி நொச்சி

"கால் கட்டைவிரலைக் கட்டணும். ஒரு துணி கிழிச்சுக் குடுங்கம்மா" என்றார் அனந்தகிருஷ்ணன். அருக்காணி எழுந்தாள். அலமாரிப் பக்கம் போகாமல் பால்கனிக்குப் போனாள்.

அனந்தகிருஷ்ணன் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. டெல்லி ஆர்.கே.புரத்தில் எந்தத் தமிழ்க் குடும்பத்தில் சாவு விழுந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். சவ வண்டி, டாக்டர் சர்டிபிகேட், சுடுகாட்டில் நேரம், மண்பானை விற்கிற கடை, எல்லாம் அவருடைய போனுக்குள் இருந்தன. காலை ஆறு மணிக்குக் கலியனின் மூச்சு நின்றது. எட்டு மணிக்கு அனந்தகிருஷ்ணன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். பத்தரைக்கெல்லாம் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக் கூடத்தில் கிடத்தியாகிவிட்டது. இவ்வளவும் செய்தவர் ஒரு துணிக் கிழிசல் கேட்டால் கொடுப்பதுதான் முறை. அருக்காணிக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

கலியன் முப்பத்து நான்கு வருஷம் ஓர் அமைச்சகத்தில் தஃப்தரியாக இருந்தவர். ஃபைல்களைத் துளை போட்டு, தைத்து, அட்டை சேர்த்துக் கட்டி அடுக்குகிற வேலை. அவர் சட்டைப்பையில் பேனா இருக்காது, டேக் இருக்கும். இரண்டு முனையிலும் தகரக் குப்பி செருகின பச்சை நூல்கயிறு அது. குழாய் கசிந்தால் டேக், திரைச்சீலை இறங்கினால் டேக், மருமகள் சிந்துவின் ஆபீஸ் பையில் ஜிப் பிய்ந்தபோதும் டேக்தான். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் கழித்தும் அந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பேர்ப்பட்ட மனுஷனின் காலைப் பழைய துண்டைக் கிழித்துக் கட்டி அனுப்புவதா?

பால்கனியில் இரண்டு நொச்சிச் செடிகள் இருந்தன. ஒன்று பெயிண்ட் வாளியில், இன்னொன்று ஓட்டை விழுந்த கூலரின் அடித்தட்டில். இரண்டையும் கலியன் நிமிர விடமாட்டார். முளைத்து முழ உயரம் வந்ததும் தண்டை மெல்ல மெல்லச் சாய்த்து, படுக்கப் போட்டுக் கட்டிவிடுவார். கட்டுவதற்கு முளைக்குச்சியாகத் துணி மாட்டுகிற கம்பிகளைப் பிரித்து நிமிர்த்தி ஊன்றியிருந்தார். உடைந்த குடைக்கம்பிகள் நாலைந்து, துருப்பிடித்த திரைச்சீலைத் தண்டு ஒன்று, கூலரின் ஒடிந்த கால், எல்லாம் அந்தச் சின்னத் தோட்டத்தில் வேலையில் இருந்தன. தண்டு சாய்ந்து கிடக்க, அதிலிருந்து கிளைகள் வரிசையாக எழும்பிப் பந்தல் போட்டதுபோல் பரந்திருந்தன. ஆனால் ஒரு இலைகூடக் கைப்பிடிச் சுவருக்கு மேலே வராது.

வாளிச் செடியின் நடுத்தண்டைப் பிடித்திருந்த டேக்தான் புதுசாக இருந்தது. அருக்காணி அதை அவிழ்த்தாள். அவர் போட்ட முடிச்சு லேசில் வரவில்லை. நகத்தால் நெம்பி, பல்லால் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. முடிச்சு விட்டதும் செடி விசுக்கென்று நிமிர்ந்து அவள் கன்னத்தில் ஓர் அடி கொடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை.

"இதால கட்டுங்க" என்று நீட்டினாள். அனந்தகிருஷ்ணன் டேக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குனிந்து கட்டினார். அவரும் செக்ரடேரியட்டில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். கட்டி முடித்துத் தகரக் குப்பிகளை உள்ளே செருகிவிட்டார்.

வாய்க்கரிசி போட்டார்கள். ஒரே மகன் ரமேஷ்குமார் தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். அரசாங்கக் குவார்ட்டர்ஸ் மாடிப்படி குறுகல். திருப்பத்தில் பாடையைச் செங்குத்தாகச் சாய்க்க வேண்டியிருந்தது. "பாத்து, பாத்து" என்று தமிழிலும் "சம்பால்கே" என்று ஹிந்தியிலும் குரல் வந்தது. பெண்கள் படியோடு நின்றுகொண்டார்கள். அருக்காணி பால்கனிக்கு ஓடிப் போய் எட்டிப் பார்த்தாள்.

கீழே சவ வண்டியைச் சுற்றி இருபது முப்பது பேர் நின்றார்கள். பாடையை வண்டிக்குள் தள்ளினார்கள். அப்போது ஒருவர் மேலே பார்த்தார். பக்கத்தில் இருந்தவரின் முழங்கையை இடித்தார். அவரும் பார்த்தார். பிறகு நாலைந்து பேர் பார்த்தார்கள். ஒரு இளவட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைத் திருப்பியது. அனந்தகிருஷ்ணன் ஒருமுறை அண்ணாந்துவிட்டு, ஏதோ அவசரம்போல் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ரமேஷ் மட்டும் தீச்சட்டியோடு நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவர்கள் தன்னைப் பார்ப்பதாக அருக்காணி நினைத்தாள். தலைமுடி அவிழ்ந்திருக்கிறதோ என்று கையை வைத்துப் பார்த்தாள்.

கீழ்வீட்டுப் பிம்லா பின்னால் வந்து தோளைத் தொட்டாள். பிம்லாவும் இவளைப்போல அறுபது வயதுக்காரி; வீட்டில் அரைத்த மசாலாவை வாரம் ஒருமுறை கொடுத்தனுப்புகிறவள். செடியை இன்றைக்கு மட்டுமாவது உள்ளே நகர்த்தி வை, ஊரே பார்க்கிறது, குவார்ட்டர்ஸ் உன் பிள்ளை பெயரில் இருக்கிறது என்று ஹிந்தியில் மெதுவாகச் சொன்னாள்.

எதற்கு என்று அருக்காணி கேட்டாள்.

பிம்லா அவளை விநோதமாகப் பார்த்தாள். "பஹன்ஜி, யே தோ பாங்க் ஹை" என்றாள்.

பாங்க் என்றால் என்ன என்று அருக்காணிக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹோலி அன்று மேல்வீட்டுக்காரர் பாங்க் குடித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து பகல் பூராவும் பாடிக்கொண்டிருந்தார். அது என்ன எழவுங்க என்று கலியனிடம் கேட்டாள். கஞ்சா எலைய அரைச்சுப் பாலுல கலக்குறது என்று அவர்தான் சொன்னார்.

சுவருக்கு மேலே இரண்டு சாண் நிமிர்ந்து நிற்கிற செடியை அவள் பார்த்தாள். விரல் விரலாக விரிந்த இலை. கீழே சவ வண்டியின் கதவைச் சாத்தினார்கள். அந்த நொடியில் அருக்காணி வாய்விட்டுக் கத்தினாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்படிக் கத்தியதும் கூடத்தில் இருந்த பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். அழட்டும், அழுதுவிட்டால் நல்லது என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அவள் புருஷன் போனதற்காகக் கத்தவில்லை. நான் கொன்னுட்டனே என்று கத்தினாள். நல்லவேளை, அது யாருக்கும் விளங்குகிற மாதிரி வெளியே வரவில்லை.

கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகிறது. அதில் சேர்ந்து இருந்தது ஆறு வருஷம். கலியன் டெல்லியில் தனிக்கட்டையாக வேலை பார்த்தார். அருக்காணி கோபிச்செட்டிபாளையத்தில் மாமியாரையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். வருஷத்துக்கு இருபது நாள் புருஷன் என்று அவளுடைய அக்கா கேலி செய்வாள். மாமியார் காலமாகி, ரமேஷுக்கு டெல்லியிலேயே வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைத்த பிறகுதான் அவள் ரயிலேறினாள். வந்து இறங்கியபோது அவருக்குக் காப்பியில் எத்தனை சர்க்கரை என்பதே அவளுக்குத் தெரியாது.

அடுத்த வருஷமே கொரோனா வந்தது. எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். அருக்காணிக்கு மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. டாக்டர் தானாக வரும் என்றார். ஒரு வருஷம் ஆயிற்று, வரவில்லை. தாளிக்கிற வாசனை தெரியாமல் அவள் சமையல் கெட்டது. ரசம் உப்புக் கரித்தது. ஒருநாள் பால் தீய்ந்து புகை வந்து, எதிர்வீட்டார் கதவைத் தட்டிய பிறகுதான் அடுப்பை அணைத்தாள். அதற்கப்புறம் சிந்து சமையலை எடுத்துக்கொண்டாள். அருக்காணி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். டி.வி. ஓடும், அவள் அதையும் பார்க்க மாட்டாள்.

இடித்துப்போட்ட பழைய குவார்ட்டர்ஸ் வழியாக ஒருநாள் காலையில் நடந்துபோனபோதுதான் அதைப் பார்த்தாள். இடிபாட்டுக்குள் காடாக முளைத்துக் கிடந்தது. விரல் விரலாக இலை. மூக்கில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததே போதும் என்று வேரோடு இரண்டு கன்றுகளைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். "ஏனுங்க, நம்மூரு நொச்சிங்க! இங்க இருக்குதுங்க!" என்று வாசலிலிருந்தே கத்தினாள். கலியன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன்றுகளைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து அவளை ரொம்ப நேரம் பார்த்தார். "நொச்சிதான் புள்ள" என்றார். பெயிண்ட் வாளியை அவர்தான் கழுவிக் கொடுத்தார்.

அவருக்கு நெஞ்சில் சளி. டெல்லிப் புகையை நாற்பது வருஷம் உள்ளே வாங்கின நெஞ்சு. நொச்சி வந்த பிறகு சாயங்காலம் தவறாமல் ஆவி பிடித்தார். அவள் இலை பறித்துத் தட்டில் வைப்பாள், தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். குண்டாவைக் கட்டிலடிக்கு அவரே வாங்கிக்கொள்வார். எலைய நான் போட்டுக்கறேன், கைய சுட்டுக்காத என்பார். தட்டையும் எடுத்துக்கொண்டு கம்பளிக்குள் நுழைந்துவிடுவார். கால் மணி கழித்து வேர்த்து வழிய வெளியே வந்து, "நெஞ்சு லேசாயிருச்சு புள்ள. உன்ற கைராசி" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் அடுத்த சாயங்காலத்துக்குக் காத்திருப்பாள். செடியை ஏனுங்க படுக்க வெச்சுக் கட்டறீங்க என்று ஒருநாள் கேட்டதற்கு, நிமிர்ந்தா காத்துக்கு ஒடிஞ்சு போயிரும், படுத்தாத்தான் கிளை வெடிக்கும் என்றார். அப்படியே வெடித்தது. பறிக்கப் பறிக்கத் தழைத்தது. தீபாவளி கழித்து வருஷாவருஷம் ஏன் பட்டுப்போகிறது, ஊரில் நொச்சி அப்படிப் போகாதே என்று கேட்டாள். டெல்லிக் குளிரை நொச்சி தாங்காது என்றார். கொட்டின விதையிலிருந்து மாசியில் மறுபடி முளைத்தது. அவர் சொன்னதை எல்லாம் அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க என்ன காரணம்?

நேற்றுச் சாயங்காலம் அவருக்கு இழுப்பு அதிகமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ரமேஷ் சொன்னான்; காலையில் பார்க்கலாம் என்றார். அருக்காணி ஒரு பிடிக்குப் பதிலாக இரண்டு பிடி இலை பறித்து வைத்தாள். "இத்தனையா?" என்று அவர் சிரித்தார். "போடுங்க, நல்லா எறங்கட்டும்" என்றாள். நல்லா எறங்கட்டும் என்று சொல்லி, இரண்டு பிடி கஞ்சாவை அந்த இளைத்த நெஞ்சுக்குள் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். காலையில் மூச்சு நின்றுவிட்டது. இதில் யாரைப் போய் என்ன கேட்பது? கேட்டால் என்ன சொல்லுவார்கள்? ஆறு வருஷம் கிடைத்தது. அதையும் தன் கையாலேயே முடித்துவிட்டோம் என்று கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் வீடு கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். பிணம் போன வீட்டில் தண்ணீர் தங்கக்கூடாது என்று குடம், வாளி, ஃபில்டரில் இருந்த தண்ணீர் வரைக்கும் பெண்கள் கொட்டினார்கள். பிம்லாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடமாட நின்றாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குண்டாவை இழுத்து, மேலே மூடியிருந்த தட்டோடு தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனாள். நேற்று ஆவி பிடித்த குண்டா.

"ருக்கோ!" என்றாள் அருக்காணி.

பிம்லா நின்றாள். அருக்காணி எழுந்து போய்க் குண்டாவை வாங்கிக்கொண்டாள். எதற்கு வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கொட்டிவிட்டால் எல்லாம் போய்விடும், தான் செய்ததை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. கூடத்து ஜன்னலுக்குக் கீழே குண்டாவை வைத்துத் தட்டை எடுத்தாள். தண்ணீர் தேயிலை நிறத்தில் ஆறிக் கிடந்தது. கையை விட்டு இலைகளை அள்ளி, உள்ளங்கையில் ஒன்றைப் பிரித்து வைத்தாள்.

மூன்று விரல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன விரல். வெந்து கறுத்திருந்தது. ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. திருப்பினாள்; பின்பக்கம் சாம்பல் பூத்திருந்தது.

அவள் அப்படியே பால்கனிக்குப் போய் நிமிர்ந்து நின்ற செடியில் ஓர் இலையைக் கிள்ளி இன்னொரு கையில் வைத்துக்கொண்டாள். அதன் ஓரம் முழுக்க ரம்பப் பல். பின்பக்கமும் பச்சைதான். இரண்டு கையையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஊரில் எத்தனை வேலியில் பார்த்தது இந்தச் சாம்பல் பின்பக்கத்தை. நாலு வருஷமாக எப்படித் தோன்றாமல் போயிற்று? குண்டாவில் வெந்தது நொச்சி. அசல் நொச்சி. அது எங்கிருந்து வந்தது?

சிந்து சமையலறையில் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. நேரு ப்ளேஸில் ஒரு வங்கியில் வேலை. அருக்காணி இரண்டு கையையும் அவளுக்கு முன்னால் நீட்டினாள்.

சிந்து இரண்டு இலைகளையும் பார்த்தாள். அவள் கண் உடனே நிறைந்துவிட்டது. மாமியாரைக் கையைப் பிடித்து மாமனாரின் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அலமாரிக்கு மேலே மூச்சுக்கு மருந்து பிடிக்கிற நெபுலைசர் பெட்டி இருந்தது. கரண்டில் ஓடுகிற சாமான் என்று அருக்காணி அதைத் தொட்டதே இல்லை. சிந்து அதை இறக்கித் திறந்தாள். உள்ளே மெஷின் இல்லை. ஒரு பக்கம் ஈரத்துணியில் சுற்றின நொச்சிக் கொத்து, நுனியில் வாடின நீலப்பூவோடு. இன்னொரு பக்கம் ஒரு பாலிதீன் கவர். கவருக்குள் அருக்காணி நேற்றுப் பறித்த இரண்டு பிடி இலை அப்படியே இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"டெய்லி காலைல ஆபீஸ் போறப்ப நான்தான் அத்தை கவரை எடுத்துட்டுப் போவேன். மெட்ரோக்கு முன்னாடி ஒரு குப்பைத்தொட்டி இருக்குல்ல, அங்க போட்டுருவேன். இன்னிக்குத்தான் எடுக்கல" என்றாள் சிந்து.

"இது?" என்று அருக்காணி கொத்தைத் தொட்டாள்.

மலை மந்திர் முருகன் கோயிலுக்கு அந்தாண்டை ஒரு பார்க்கில் வேலியாக நட்டிருக்கிறார்கள், மாமா செவ்வாய்க்கிழமை போய் ஒரு வாரத்துக்கு ஒடித்துக்கொண்டு வருவார், ஒருதரம் தன்னையும் கூட்டிப்போய்க் காட்டினார் என்று சிந்து சொன்னாள். முதல் வருஷமே செடியைப் பார்த்துத் தான் பயந்துபோய் அவரிடம் சொன்னதாகவும், உஷ் என்று உதட்டில் விரலை வைத்ததாகவும் சொன்னாள். ரமேஷும் அப்பாவோடு சண்டை போட்டானாம். என் வேலை போய்விடும், பிடுங்கிப் போடுங்கள் என்றானாம். நீயே உங்கம்மாகிட்டச் சொல்லிப் பிடுங்கு என்றாராம் அவர். அவனால் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம்தான் செடியைச் சுவருக்குக் கீழே வளைத்துக் கட்ட ஆரம்பித்தார்.

"நான் கேட்டேன் அத்தை. சொல்லிட்டா என்ன மாமா, அத்தை புரிஞ்சுப்பாங்கன்னு. அதுக்கு..." சிந்து, கலியன் பேசுகிற மாதிரியே சொன்னாள். "'அவளுக்கு மூக்குப் போச்சு, நாக்குப் போச்சு. இது ஒண்ணுதான் அவளாக் கண்டுபுடிச்சுக் கொண்டாந்தா. அதையும் இல்லேன்னு நான் எந்த வாய்ல சொல்றது கண்ணு?'ன்னாரு. ப்ராமிஸ் வாங்கிட்டாரு."

அருக்காணி கட்டிலில் உட்கார்ந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. நாலு வருஷமாக வீட்டிலிருந்த எல்லாரும், கீழ்வீட்டுப் பிம்லா முதற்கொண்டு, தெரிந்துகொண்டு தன்னைச் சுற்றி நடமாடியிருக்கிறார்கள். நம்மூரு நொச்சி என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். எத்தனை பேர் உள்ளே சிரித்தார்களோ. அப்புறம் செவ்வாய்க்கிழமைகள் நினைவுக்கு வந்தன. மூச்சு வாங்குகிற மனுஷன் எதற்குங்க மலையேறிச் சாமி கும்பிடப் போகணும், சாமி இங்கே வராதா என்று வாராவாரம் சண்டை பிடித்திருக்கிறாள். திரும்பி வந்து வாசலில் பத்து நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முந்தாநாள்கூட நின்றார். அந்த நடையும் சேர்ந்துதான் அவரைக் கொண்டுபோயிற்றோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவள் சிந்துவிடம் கேட்கவில்லை. இனி யாரிடமும் கேட்கப்போவதில்லை.

கொத்தை எடுத்து மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"வாசம் எப்படி இருக்குது கண்ணு?" என்று கேட்டாள்.

சிந்து கொத்தை வாங்கி முகர்ந்தாள். யோசித்தாள். "மாமா ரூம் மாதிரி இருக்கு அத்தை" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அருக்காணி அழுதாள். சத்தமில்லாமல், ரொம்ப நேரம், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சிந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே பிம்லா துடைப்பத்தால் கூடத்துத் தண்ணீரைத் தள்ளுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தலைக்கு ஊற்றிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது மணி இரண்டாகியிருந்தது. வீடு காலியாக, ஈரமாக இருந்தது. சிந்து குளிக்கப் போயிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் கலியனின் சட்டை தொங்கியது. அருக்காணி பையில் கையை விட்டாள். மூன்று டேக் இருந்தன.

பால்கனியில் கொடிக்கம்பியின் ஒரு முனையில் ஈரச்சேலையை உதறிப் போட்டுவிட்டுச் செடிக்குப் பக்கத்தில் குந்தினாள். நடுத்தண்டைப் பிடித்துச் சாய்த்தாள். பாதி வந்தது, பிறகு முரண்டு பிடித்தது. ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முடிச்சுப் போட முடியவில்லை. இதைத் தள்ளாத வயதில் தனியாக எப்படிச் செய்தார் என்று தெரியவில்லை. இரண்டாவது தடவை செய்தபோது தண்டு கையிலிருந்து நழுவி மறுபடியும் நிமிர்ந்துகொண்டது.

படியில் காலடி கேட்டது. சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். கீழே வாளித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு ரமேஷ் மட்டும் மேலே வந்தான். மொட்டை அடித்த தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. நேரே பால்கனிக்குத்தான் வந்தான். வந்த வேகத்தைப் பார்த்தால் பிடுங்கிப் போட வந்தவன் மாதிரிதான் இருந்தது. அம்மா அங்கே குந்தியிருப்பதை எதிர்பார்க்கவில்லை. நின்றுவிட்டான்.

"அம்மா, இது வந்து..."

"என்ன சாமி?"

ரமேஷ் செடியைப் பார்த்தான். அம்மாவின் கையில் இருந்த டேக்கைப் பார்த்தான். அவன் அப்பாவின் வாய் அவனுக்கு. சொல்ல வந்ததை முழுங்கும்போது கீழுதடு உள்ளே போகும். அது உள்ளே போவதை அருக்காணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அவள் உதவி எதுவும் செய்யவில்லை. தனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றான் கடைசியில். "நொச்சி நல்லாத் தழைஞ்சிருக்குது."

"ஆமா சாமி. இப்படியே உட்டா காத்துக்கு ஒடிஞ்சு போயிரும்" என்றாள் அருக்காணி. "அந்தப் பக்கம் புடி."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே குந்தினான். இரண்டு கையாலும் தண்டைப் பிடித்து மெல்லச் சாய்த்தான். மெதுவா, மெதுவா என்று அவள் சொன்னாள். குடைக்கம்பியில் டேக்கைச் சுற்றி, தண்டின்மேல் கொண்டுவந்து, அவருடைய முடிச்சு தெரியாததால் பாவாடை நாடா முடிகிற மாதிரி இரண்டு சுருக்குப் போட்டாள். நுனி சுவருக்குக் கீழே இறங்கியது. தகரக் குப்பி ஒன்று இலைக்குள் ஆடியது. அதை அவள் உள்ளே செருகினாள்.

"இன்னும் கொஞ்சம் தாழ" என்றாள்.

ரமேஷ் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். அவள் இரண்டாவது டேக்கை எடுத்தாள். கீழே ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இனி ஈரச்சேலை மட்டும்தான் தெரியும்.